ஓடாமல் கடந்தவர்கள்

அப்பாவுக்குச் சட்டை மாற்ற ஜெரோமுக்கு நாலு நிமிடம்தான் பிடித்தது.

முதலில் தலையில் இருந்த தொப்பியைத் தூக்கினான். அந்த இடத்தில் எவர் தலையிலிருந்தோ கொஞ்சம் நரைமுடியைக் கொண்டுவந்து ஒட்டினான். கழுத்துக்குக் கீழே இருந்த காக்கியை வெட்டித் தள்ளிவிட்டு, கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருக்கும் தலையில்லாத உடம்புகளின் வரிசையைத் திறந்தான்.

“மச்சான், கோட்டு கீது, ஜிப்பா கீது, வெள்ளச் சட்ட கீது. எத போட்றது?”

“வெள்ளச் சட்ட.”

“தோள்ல துண்டு?”

“போடு. ஜரிகை வெச்சதா போடு.”

கலைவாணனின் அப்பா சின்னராசு அன்று விடியற்காலையில்தான் இறந்திருந்தார். தூக்கத்திலேயே போய்விட்டார். நெம்மேலி வீட்டில் அவரை ஐஸ் பெட்டிக்குள் படுக்க வைத்து, உறவுக்காரர்களுக்குத் தகவல் சொல்லும் வேலையை மனைவி அம்சாவிடம் ஒப்படைத்துவிட்டு, திருப்போரூரில் இருக்கும் ஜெரோமின் பிளெக்ஸ் கடைக்குக் கலைவாணன் வந்திருந்தான். ஜெரோம் அவனோடு பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். சாவு வீட்டுக்கு முதலில் வருவது ஐஸ் பெட்டி, அடுத்து வருவது பேனர் என்று ஆகிவிட்டதில் நல்ல வசதியாக இருந்தான்.

அப்பாவின் படம்தான் கிடைக்கவில்லை. மகள் சிநேகாவின் போனில் தாத்தா நிறைய இருந்தார். ஆனால் எல்லாவற்றிலும் வெற்றுடம்போடு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கேமராவைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு. உருப்படியாக இருந்தது ஒன்றுதான். செக்யூரிட்டி ஏஜென்சி அடையாள அட்டைக்காக எடுத்த படத்தின் பிரதி. காக்கிச் சட்டை, தொப்பி, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி விறைப்பான முகம்.

வேலை முடிந்ததும் ஜெரோம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தான்.

“டேய், உங்க நைனாவா இது? எம்எல்ஏ சீட்டு கேட்டு வந்தவரு மாதிரி கீறாரு.”

“இருக்கட்டும்டா. உசுரோட இருந்தப்பதான் காக்கியில வெந்தாரு. இப்பவாவது நல்லா இருக்கட்டும்.”

கண்ணீர் அஞ்சலி, தெய்வத்திரு மு. சின்னராசு, வயது அறுபத்தெட்டு. கீழே ஒரு வட்டத்துக்குள் கலைவாணனின் படம், பெயர், அவன் வேலை பார்க்கும் பதவி. மொத்தம் மூன்று பேனர். ஒன்று வீட்டுத் தெருமுனைக்கு, ஒன்று நெம்மேலி பஸ் நிறுத்தத்துக்கு. மூன்றாவது எங்கே என்று ஜெரோம் கேட்டான்.

“சிறுசேரி ஐ.டி. பார்க் முன்னாடி, ரோடு தாண்டுற எடத்துல. பன்னெண்டு வருஷம் அங்கதான நின்னாரு. அங்க போறவங்களும் தெரிஞ்சிக்கட்டும்.”

அதுதான் அவனுடைய எண்ணம். அப்பாவை மரியாதையோடு அனுப்ப வேண்டும், அவரைப் பார்த்த எல்லோருக்கும் அது தெரிய வேண்டும். அதற்குத்தான் வெள்ளைச் சட்டை.

*

சின்னராசு பிறந்தது மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் ஒரு கிராமம். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. பத்து வயதில் நாற்றுக் கட்டு தூக்க ஆரம்பித்தவர். கல்யாணத்துக்குப் பிறகு கடற்கரைப் பக்கம் வந்து, பார்க்கில் கட்டடங்கள் எழும்பியபோது அஸ்திவாரம் தோண்டினார். நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலை வந்தபோது குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டினார். ஐந்தரை மணிக்கு எழுந்திருப்பதைச் சோம்பல் என்று நினைக்கிற மனிதர். ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததை கலைவாணன் பார்த்ததில்லை. மனைவி பொன்னி இறந்தபோதுகூட மூன்றாம் நாள் வேலைக்குக் கிளம்பிவிட்டார். “வூட்ல குந்திகினு இருந்தா அவ மொகமே வருதுடா” என்றார்.

ஐம்பத்தாறு வயதில்தான் அந்த வேலை கிடைத்தது. பார்க் வாசலுக்கு எதிரே, ஓ.எம்.ஆர். சாலையின் நடுவே, கையில் சிவப்பு வட்டப் பலகையோடு நிற்க வேண்டும். காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கும் கூட்டம் சாலையைக் கடக்கும்போது பலகையைத் தூக்கி வண்டிகளை மறிக்க வேண்டும். சாயங்காலம் அதே கூட்டத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

முதல் நாள் வேலை முடிந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“டேய் கல! இன்னிக்கி இன்னா ஆச்சு தெரியுமா? ஒரு காரு வந்துச்சி பாரு, நம்ம வூட்டு அகலம் இருக்கும். நான் கையத் தூக்குனேன். நின்னுச்சிடா!”

“நிக்காம? பிரேக் போட்டா நிக்கும் நைனா.”

“போடா. உனுக்கு இன்னா தெரியும்? எங்க ஊர்ல பண்ணையாரு வண்டி வந்தா நாங்க பாதைய வுட்டு எறங்கி ஓடணும். சேத்துல கால வெச்சிகினு நிக்கணும். துண்டு தோள்ல இருந்தா கீழ எறக்கணும். இன்னிக்கி நான் கையத் தூக்குறேன், அவன் நிக்கிறான்.”

கலைவாணன் சிரித்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே டி.வி.யைப் பார்த்தான். அந்த வருடம் முழுக்க அப்பா அந்தக் கதையைச் சொல்லியிருப்பார். அவன் ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்துக் கேட்டிருக்கலாம்.

அப்பாவின் சட்டம் ஒன்றே ஒன்று. யாரும் ஓடக் கூடாது. “நான் நிக்கறன்ல? நீ நட.” ஓடுகிறவர்களைப் பிடித்துத் திட்டுவார். ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்தது பலகையில் இருந்த நாலு எழுத்து மட்டும்தான். வெயிலில் அது மங்கினால் தானே பெயின்ட் வாங்கி, நாக்கைத் துருத்திக்கொண்டு, எழுத்தின் மேல் எழுத்தாக வரைவார்.

கலைவாணனுக்கு அதே பார்க்கில் ஒரு கம்பெனியில் டிரான்ஸ்போர்ட் பிரிவில் வேலை. எந்தக் கேப் எந்தத் தெருவுக்கு, எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று பார்ப்பது. தினமும் கம்பெனி பஸ்ஸில் அந்த இடத்தைக் கடப்பான். அப்பா பஸ்ஸைத் திருப்பி விட்டு, ஜன்னலில் அவனைத் தேடி ஒரு சல்யூட் அடிப்பார். அவனும் லேசாகத் தலையாட்டுவான். அவர் என் அப்பா என்று பஸ்ஸில் யாரிடமும் அவன் சொன்னதில்லை. மறைக்கவும் இல்லை. கேட்டால் சொல்லியிருப்பான். யாரும் கேட்கவில்லை.

போன ஐப்பசி மழையில் ஒரு நாள், சறுக்கி வந்த பைக் அப்பாவின் முழங்கையில் இடித்துத் தள்ளியது. பஸ் ஜன்னலிலிருந்து கலைவாணன் பார்த்தான். சேற்றுத் தண்ணீரில் விழுந்தவர் எழுந்தார். தொப்பியை எடுத்து மாட்டினார். அடிபட்ட கையைப் பார்க்காமல் பலகையைத் தூக்கிப் பிடித்தார். ஏனென்றால் சாலை நடுவில் இரண்டு பெண்கள் அப்படியே நின்றிருந்தார்கள்.

பின் இருக்கையிலிருந்து ஒரு குரல் கேட்டது. “பாவம்ப்பா, இந்த வயசுல. இவரு பெத்த புள்ளைங்க எங்க தின்னுட்டுத் தூங்குதுங்களோ.”

கலைவாணன் ஜன்னல் திரையை இழுத்துவிட்டான்.

அன்று மத்தியானமே ஏஜென்சி சூப்பர்வைசர் மணிக்குப் போன் போட்டான். வேலை நிமித்தமாகத் தினமும் பேசுகிறவர்தான்.

“அண்ணாத்த, எங்க நைனாவ நிறுத்திடுங்க. நானே சொன்னா சண்டைக்கி வருவாரு.”

“அப்ப இன்னான்னு சொல்லி அனுப்புறது கல சார்?”

“மேலிடத்துல வேணான்ட்டாங்கன்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

அப்பாவின் உடம்புக்காகத்தான் சொன்னேன் என்று அவன் நம்பினான். அதில் பாதி உண்மை. மீதி அந்தப் பின் இருக்கைக் குரல்.

மறுநாள் காலை பத்து மணிக்கே அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாராம். அம்சா சொன்னாள். அடையாள அட்டை, விசில், பலகை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். காக்கிச் சட்டை மட்டும் உடம்பில் இருந்தது.

“அனுப்ட்டாங்கடா” என்றார் அன்று சாயங்காலம். “நான் இன்னா தப்பு பண்ணேன்?”

“தப்பு ஒண்ணும் இல்ல நைனா. வயசாயிடுச்சில்ல?”

“வயசுன்னா வயசுன்னு சொல்லுவானுங்க. இது வேற. மேலிடம்ன்றானே? யாரோ கம்ப்ளைண்ட் குடுத்துக்கீறான்.”

அதற்குப் பிறகு தினமும் ஒரு குற்றம் கண்டுபிடித்தார். ஒரு நாள்: “கறுப்பு காரு ஒண்ணு நிக்காம வந்துச்சிடா. போர்டால பானட்ல தட்டுனேன். அவரு பெரிய ஆளா இருப்பாரோ?” இன்னொரு நாள்: “ஒரு பொண்ணு ஓடுச்சி. அறிவு கீதான்னு கேட்டுட்டேன். அது மனசுல வெச்சிகினு சொல்லியிருக்குமோ?” பிறகு தேதியும் கிழமையும் குழம்பி, நடக்காத தவறுகளையும் சேர்த்துக்கொண்டார். கலைவாணன் ஒவ்வொன்றுக்கும் “அதெல்லாம் இல்ல நைனா” என்றான். ‘நான்தான் சொன்னேன்’ என்பது ரெண்டே வார்த்தை. தொண்டை வரை வரும். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நாளைக்குச் சொல்லலாம் என்று இறங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காக்கியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, ஆணியில் மாட்டினார். அழுக்கே இல்லாத சட்டையை எதற்குத் துவைக்கிறீர்கள் என்று சிநேகா கேட்டாள். செங்கல்பட்டு கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். தாத்தாவிடம் மட்டும் வக்கீல் மாதிரி குறுக்குக் கேள்வி கேட்பாள்.

“திடீர்னு கூப்ட்டா போட்டுகினு போவணும்ல கண்ணு?”

“யாரு தாத்தா கூப்பிடப் போறா?”

“கூப்டுவாங்க. நான் இல்லாம அதுங்க ஓடுங்க. எவனாவது அடிச்சிட்டுப் போவான். அப்ப கூப்டுவாங்க.”

ஒன்றரை மாதம் கழித்து மணி போன் செய்தார். கலைவாணன் ஒரு கேப் டிரைவரோடு சண்டையில் இருந்தான்.

“கல சார், பெரியவர திருப்பி அனுப்புறீங்களா? இங்க கேக்குறாங்க.”

“வேணாம் அண்ணாத்த. அவரு வூட்லயே இருக்கட்டும்.”

இருபது நொடிப் பேச்சு. கேட்பது யார் என்று அவன் கேட்கவில்லை. ஆள் கிடைக்காமல் ஏஜென்சிதான் கேட்கிறது என்று தானாகவே நினைத்துக்கொண்டான். அப்பாவிடம் சொல்லவும் இல்லை.

நாலாவது மாதம் அப்பா போய்விட்டார்.

*

இறந்த பத்தாம் நாள், காரியப் பத்திரிகை கொடுப்பதற்காக அலுவலகத்துக்குக் கிளம்பினான். பஸ்ஸை விட்டுச் சாலையோரத்திலேயே இறங்கிக்கொண்டான். பேனர் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நன்றாகத்தான் இருந்தது. வெள்ளைச் சட்டையில், ஜரிகைத் துண்டோடு, அப்பா மொத்த சாலையையும் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் அடியில் நூற்றுக்கணக்கில் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பத்து நிமிடம் நின்று கவனித்தான். ஒருவர்கூட இல்லை. ஒரு இளைஞன் மட்டும் பேனரின் நிழலில் நின்று போனில் பேசினான்.

அப்பாவின் இடத்தில் சின்னையன் என்ற புது ஆள் நின்றிருந்தார். ஓயாமல் விசிலடித்தார். பலகையைத் தூக்குவதற்குள் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். மீதிப் பேர் பலகையை இறக்கிய பிறகு ஓடினார்கள்.

கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் சாப்பாட்டுப் பையோடு ஒரு பெண் சின்னையன் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அண்ணா, தாத்தா பத்தி ஏதாவது தெரிஞ்சுதா?”

சின்னையனுக்குக் கோபம் வந்துவிட்டது. “மேடம், நாலு மாசமா இதே கேள்வி. தாத்தா எங்க, தாத்தா எங்க! ஒருத்தன் இங்க வெயில்ல காய்ஞ்சிகினு நிக்கறேனே, என்ன ஒரு நாளாவது எப்டி கீறன்னு கேட்டீங்களா? பேஜாரா கீது.”

“சாரிண்ணா. நீங்க எப்படி இருக்கீங்க?”

“ஆங், இப்ப கேளுங்க.”

கலைவாணன் நெருங்கிப் போனான்.

“எந்தத் தாத்தாவத் தேடுறீங்கம்மா?”

“இங்க நிப்பாரு சார், போர்டு வெச்சிக்கிட்டு. பேரு தெரியாது. நாங்க ஸ்டாப் தாத்தான்னு சொல்லுவோம்.”

அவன் மேலே கையைக் காட்டினான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தலையை ஆட்டினாள். “இல்ல சார், இவரு யாரோ கட்சிக்காரர். எங்க தாத்தா காக்கி போட்டிருப்பாரு.”

“இவருதான்மா. நான் அவரு பையன்.”

அவள் பேனரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடியும் பேனரில் அந்தக் கண்களை மட்டும் பார்த்தாள். கையிலிருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“பத்து நாளா இதுக்குக் கீழதான் சார் நடந்து போறேன்” என்றாள். சின்னையன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

அவள் பெயர் சஹானா. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சாலையைக் கடக்கப் பயந்து அரை மணி நேரம் ஓரத்திலேயே நின்றவளாம். “‘நான் நிக்கறன்ல, நீ நட’ன்னாரு சார். அன்னிலேர்ந்து நான் ஓடினதே இல்ல. இப்ப தினமும் ஓடறேன்.” போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். மழை. அப்பா முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். பலகை தலைக்கு மேலே. அவருக்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரி, யானையை மறித்த மாதிரி. அப்பா இந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கிறார். கண் திறந்திருக்கிறது.

அந்தச் சிரிப்பைக் கலைவாணன் வீட்டில் பார்த்ததில்லை.

“திடீர்னு அவரக் காணோம்னதும் நாங்க அறுபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டு ஏஜென்சிக்குக் குடுத்தோம் சார், தாத்தாவத் திருப்பி அனுப்புங்கன்னு. வீட்டுல வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு பதில் வந்துச்சு. சரி, வீட்டுல யாரோ நல்லா பாத்துக்கறாங்க போலன்னு எங்களுக்கு ஒரு நிம்மதி.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நாங்க கேட்டது தாத்தாவுக்குத் தெரியும்ல சார்?”

இங்க கேக்குறாங்க என்று மணி சொன்னது இப்போதுதான் அவன் காதில் முழுதாக விழுந்தது.

“தெரியும்மா” என்றான் கலைவாணன்.

*

“சட்டைய மாத்தணுமா?” ஜெரோம் நம்பவில்லை. “காரியத்துக்கு ஆறு நாளுதான் கீது. எந்தச் சட்டடா வேணும் இப்ப?”

“அவரு சட்ட.” சஹானா அனுப்பிய படத்தைக் காட்டினான்.

ஜெரோம் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தான். வழக்கமான கேலி வரவில்லை. “நைனா டா இது” என்று மட்டும் சொன்னான். தலையில்லாத உடம்புகளின் வரிசையை மூடினான்.

கீழே யார் பெயர் என்று கேட்டபோது கலைவாணன் தன் வட்டப் படத்தை எடுத்துவிடச் சொன்னான்.

“புள்ள பேரு இல்லாத பேனரா? சண்ட போட்டுகினு பிரிஞ்ச குடும்பம்னு நெனப்பானுங்க.”

“நெனைக்கட்டும். இவண், ஓடாமல் சாலை கடந்தவர்கள்னு போடு. காரியம் எங்க, எத்தன மணிக்குன்னு பெருசா போடு.”

வீட்டுக்குப் போனால், படையலில் வைக்க அம்சா புது வெள்ளை வேட்டி, சட்டை வாங்கி வைத்திருந்தாள். சிநேகா அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய காக்கியைக் கொண்டுவந்து வைத்தாள். இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்தது.

“தாத்தா இதத்தான்ப்பா போட்டுக்குவாரு” என்றாள்.

*

பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கடற்கரையில் மொட்டை போட்டு, பிண்டம் கரைத்து, தலை முழுகி எழுந்து பார்த்தபோது, சவுக்குத் தோப்பு ஓரமாக ஒரு கூட்டம் நின்றிருந்தது. முப்பது பேருக்கு மேல் இருக்கும். விடுமுறை நாளிலும் சிலர் கழுத்தில் அடையாள அட்டை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நின்றார்கள். சஹானாதான் முன்னால் இருந்தாள். சின்னையனும் வந்திருந்தார், லீவு போட்டுவிட்டு.

உறவுக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். “கல, உன் ஆபீஸ் ஆளுங்களா?” என்று ஒரு பெரியப்பா கேட்டார்.

“இல்ல பெரிப்பா. நைனாவோட ஆளுங்க.”

சஹானா அவனிடம் வந்தாள். சிநேகா தலை துவட்டத் துண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“சார், இவங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டவங்க. தாத்தாவுக்குத் தெரியும்னு நீங்க சொன்னீங்கன்னு சொன்னேன். எல்லாருக்கும் சந்தோஷம். நாங்க கேட்டோம்னு சொன்னதும் தாத்தா என்ன சார் சொன்னாரு?”

சிநேகா நிமிர்ந்தாள். “என்ன கேட்டாங்க? தாத்தா எங்கிட்ட சொல்லவே இல்லையே? இன்னா தப்பு பண்ணேன், இன்னா தப்பு பண்ணேன்னுதான கடைசி நாள் வரைக்கும் கேட்டுக்கிட்டிருந்தாரு?”

ஒரு பொய் போதும். சந்தோஷப்பட்டார், சிரித்தார் என்று ஏதாவது ஒன்று. முப்பது பேரும் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அலை ஒன்று வந்து கலைவாணனின் கணுக்காலைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

“அவருக்குத் தெரியாதும்மா” என்றான். “நான் சொல்லல. அன்னிக்கி உங்ககிட்ட பொய் சொன்னேன். நீங்கதான் கேட்டீங்கன்னு எனக்கே தெரியாது. அவர வேலைய வுட்டு எடுக்கச் சொன்னதும் நான்தான். திருப்பி அனுப்பவான்னு கேட்டப்ப வேணான்னதும் நான்தான். யாரோ கம்ப்ளைண்ட் குடுத்துட்டாங்கன்னு நெனச்சிகினே போய்ட்டாரு.”

கூட்டத்தில் யாரோ ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

சஹானா அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அறுபத்திரண்டு பேர் சார்” என்றாள் மெதுவாக. “ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார்.” திரும்பி நடந்தாள்.

சிநேகா துண்டை அவன் தோளில் போட்டாள். முகத்தைப் பார்க்காமல் போனாள்.

*

படையல் வீட்டில். வீடு ஈ.சி.ஆர். சாலைக்கு அந்தப் பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஈ.சி.ஆர். எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு ஊரே காரில் ஏறி வந்துகொண்டிருந்தது. உறவும் அந்த முப்பது பேரும் சாலை ஓரத்தில் வந்து நின்றார்கள். இடைவெளியே கிடைக்கவில்லை. ஒருவர் ஓட எத்தனித்துப் பின்வாங்கினார். வயதான ஒரு அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடத் தயாரானாள்.

கலைவாணன் முன்னால் வந்தான். ஈர வேட்டி, மொட்டைத் தலை. கையில் பலகை இல்லை, விசில் இல்லை. சாலையில் ஒரு அடி வைத்துக் கையைத் தூக்கினான்.

முதல் கார் நிற்கவில்லை. ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனது. காற்று வேட்டியை இழுத்தது. இரண்டாவதும் நிற்கவில்லை. பைக்கில் வந்தவன், “வூட்ல சொல்லிட்டு வந்தியா?” என்று கத்திவிட்டுப் போனான். கலைவாணனின் கால் தானாகப் பின்னுக்கு நகர்ந்தது. பன்னிரண்டு வருடம், தினம் காலையும் மாலையும், இந்தக் காற்றுக்கு எதிராக அறுபத்தெட்டு வயது வரை ஒரு மனிதர் நின்றிருக்கிறார். பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தபோது அது சும்மா நிற்கிற மாதிரிதான் இருந்தது.

“கைய மடக்காதீங்க சார்” என்று பின்னாலிருந்து சின்னையனின் குரல் வந்தது. “அவன் கண்ணப் பாருங்க.”

இன்னும் ஒரு அடி முன்னால் வைத்தான். கையை நீட்டினான். எதிரே வந்த பெரிய வெள்ளைக் காரின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கண்ணைப் பார்த்தான்.

கார் வேகம் குறைந்தது. முனகியது. நின்றது. அதன் பின்னால் ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று. எதிர்ப்பக்கம் சின்னையன் போய்க் கையைத் தூக்கினார்.

“ஓடாதீங்க” என்றான் கலைவாணன். “நான் நிக்கறேன். நடந்து போங்க.”

நடந்தார்கள். அத்தை புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு நடந்தாள். சஹானா நடந்தாள். சிநேகா அவனைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் ஓடவும் இல்லை.

கடைசி ஆள் அந்தப் பக்கம் ஏறிய பிறகும் அவன் கையை இறக்கவில்லை. ஹாரன்கள் அலறின. அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்ல வந்தது என்ன என்று இப்போது தெரிந்தது. உடனே வீட்டுக்கு ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

‘நின்னுச்சி நைனா.’

வீட்டில் அதைக் கேட்க ஆள் இல்லை. இஸ்திரி மடிப்புக் கலையாத ஒரு காக்கிச் சட்டை இலைக்கு முன்னால் இருந்தது.